குச்சிக்கிழங்கு வயலில் முதல் பருவம்: மருந்துக் கடைக்குப் போகும் முன்

வாழப்பாடியிலிருந்து பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர் வழியாகத் தலைவாசல் வரை எங்கும் காணப்படும் மரவள்ளி, சேலத்துப் பேச்சில் குச்சிக்கிழங்கு, புதிதாக வேளாண்மைக்கு வருபவர்களுக்கு எளிய பயிராகவே தோன்றும். குச்சியை நட்டுத் தண்ணீர் விட்டால் பத்து மாதத்தில் கிழங்கு, கிழங்கை ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்கு அனுப்பினால் பணம் என்பது பலருடைய கணக்கு. அந்தக் கணக்கு பெரும்பாலும் மாசி, பங்குனி வெயிலில்தான் பிசகுகிறது. செடியின் நுனி வளராமல் நின்று, இலைகள் சுருங்கி ஒரு கொத்தாகத் திரண்டு, அதற்குள் மாவு தூவியதுபோல் வெள்ளைப் பூச்சிகள் அடைந்திருப்பதைக் கண்டவுடன், புதியவர் ஓர் இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகிறார். அங்கே பூச்சிக்கு ஒன்று, பூசணத்துக்கு ஒன்று, செடி தளிர்ப்பதற்கு ஒன்று என்று மூன்று புட்டிகள் மேசைக்கு வருகின்றன. அந்தப் பயணத்தை எவ்வளவு நாள் தள்ளிப்போடலாம், தள்ளிப்போட முடியாத நிலை வந்தால் எதை வாங்குவது, எப்படிக் கலந்து தெளிப்பது என்பதையே, ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்ற முறைப்படி, இக்கட்டுரை வரிசையாகச் சொல்கிறது.

மருந்து ஏன் தோற்றது

ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்ற சொல்லைக் கேட்டவுடன் அதை இயற்கை வேளாண்மையின் மறுபெயராக எண்ணிக்கொள்பவர்கள் உண்டு, அது சரியன்று. நச்சு மருந்தை அது முற்றிலும் விலக்குவதில்லை, வரிசையின் கடைசியில் நிறுத்துகிறது. ஏன் கடைசியில் என்பதற்கு மரவள்ளியைவிட நல்ல பாடம் நம் மாவட்டத்தில் இல்லை.

பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோயம்புத்தூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று பல பயிர்களைத் தாக்கிக்கொண்டு மாநிலம் முழுவதும் பரவியது. விவசாயிகள் மாற்றி மாற்றி மருந்தடித்தும் அது அடங்கவில்லை. பூச்சியின் உடலை மூடியிருக்கும் மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடுவதில்லை. முட்டைகள் பஞ்சு போன்ற பைக்குள் பத்திரமாக இருக்கின்றன. வரப்போரப் பார்த்தீனியச் செடியிலும் பூச்சி பெருகிக்கொண்டே இருப்பதால், வயலில் செத்த அளவுக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்துவிடுகிறது. மருந்தில் உறுதியாகச் செத்தவை, மாவுப்பூச்சியைத் தின்றுகொண்டிருந்த பொறிவண்டுகளும் சிலந்திகளும்தான். பின்னர் 2010-ல், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகள், அதாவது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு குளவிகள், பெங்களூரில் பெருக்கப்பட்டுத் தமிழ்நாட்டு வயல்களில் விடப்பட்டன. அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே என்ற இனம், மருந்தால் முடியாத வேலையை ஓரிரு ஆண்டுகளில் முடித்துவிட்டது.

அடுத்து வந்தது மரவள்ளி மாவுப்பூச்சி. இது 2020-ல் திருச்சூரில் முதலில் பதிவாகி, பிறகு சேலம், நாமக்கல் பக்கம் பரவியது. தென்னமெரிக்காவைச் சேர்ந்த இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, அங்கே பல நாடுகளின் அன்றாட உணவையே கேள்விக்குறியாக்கியது. பராகுவேயில் தேடிக் கண்டெடுத்த அனாகைரஸ் லோபெசி என்ற குளவியை 1981 முதல் ஆப்பிரிக்காவில் விட்டுத்தான் அதை அடக்கினார்கள். அப்பணியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995-ல் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே குளவியைப் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் விட்டார்கள். ஆகவே இன்று உங்கள் வயலில் கண்ணுக்கு எளிதில் படாத இந்தக் குளவி ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்க வாய்ப்பு உண்டு. நீங்கள் அடிக்கும் முதல் டேங்க் மருந்து அதன்மேல்தான் விழும்.

முதல் படி: குச்சியைத் தேர்ந்தெடுத்தல்

பூச்சி மேலாண்மை நடவுக்கு முன்பே தொடங்குகிறது. மாவுப்பூச்சி தானாக நெடுந்தூரம் பறந்து வருவதில்லை. லாரியில் ஏறும் குச்சிக் கட்டுகளோடு ஊர் ஊராகப் பயணம் செய்கிறது. இலையில் மஞ்சள் திட்டும் சுருக்கமும் உண்டாக்கும் தேமல் என்ற வைரஸ் நோயும் அப்படியே. அதை வெள்ளை ஈ பரப்புவது உண்மைதான் என்றாலும், பெரும்பாலான வயல்களில் நோய் முதலில் நுழைவது விதைக் குச்சியின் வழியாகத்தான், அதற்குப் பிறகு எந்த மருந்தாலும் அச்செடியைக் குணப்படுத்த முடியாது. எனவே குச்சி வாங்குவதாக இருந்தால், வெட்டிக் கட்டிவைத்த கட்டைப் பார்த்து விலை பேசாமல், செடி நிற்கும்போதே அந்த வயலுக்குப் போய், இலையில் மஞ்சள் திட்டும் சுருக்கமும் இல்லாத செடிகளை அடையாளம் வைத்துவிட்டு வர வேண்டும். தண்டின் நுனியையும் அடியையும் விட்டுவிட்டு, நடுப்பகுதியில் 15 சென்டிமீட்டர் நீளத்தில், எட்டு முதல் பத்துக் கணுக்கள் இருக்குமாறு கரணை வெட்டுவது வழக்கம். கரணையை நனைத்து நடும் நேர்த்திக்கு எந்த மருந்து, எந்த அளவு என்பதை ஏத்தாப்பூர் நிலையத்திலோ சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ அந்தப் பருவத்துப் பரிந்துரையாகக் கேட்டுக்கொள்வது நல்லது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்லும் அளவு, அவருக்கு யாரோ சொன்ன அளவாக இருக்கும்.

நட்ட முதல் இரண்டு மாதங்களுக்குள் தேமல் தெரியும் செடிகளைப் பிடுங்கி அகற்றிவிட்டு, வேறு நல்ல கரணையை ஊன்றலாம். சின்ன வெங்காயம், உளுந்து போன்ற ஊடுபயிர் வருமானத்தோடு பொறிவண்டுகளுக்கும் இடம் தருகிறது. வரப்பில் பார்த்தீனியத்தைப் பூக்கவிடாமல் பிடுங்குங்கள்.

இரண்டாம் படி: வாரம் ஒரு காலை

வாரத்தில் ஒரு நாளைக் குறித்துவைத்து, வெயில் ஏறும் முன் வயலுக்குள் இறங்க வேண்டும். ஒரு ஏக்கரில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, ஓரங்களையும் சேர்த்து இருபது செடிகளைப் பார்ப்பது போதும். நுனிக் குருத்தையும் இலையின் அடிப்புறத்தையும் பார்க்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்று தேவை. அதன் விலை ஒரு புட்டி மருந்தின் விலையைவிடக் குறைவு. ஒரு நோட்டில் செடியைப் படமாக வரைந்து, ஒரு பக்கத்தில் கெடுதல் செய்யும் பூச்சிகளையும் மறுபக்கத்தில் நன்மை செய்பவற்றையும் எண்ணிக்கையோடு எழுதுங்கள். படம் வரைவது சிறுபிள்ளை வேலையாகத் தோன்றலாம். ஆனால் 1989-ல் இந்தோனேசிய நெல் விவசாயிகளிடம் தொடங்கிய வயல்வெளிப் பள்ளிகளின் மையமே இப்பயிற்சிதான். நம் வேளாண்மைத் துறை நடத்தும் வயல்வெளிப் பள்ளிகளிலும் இதையே செய்யச் சொல்கிறார்கள். வரையும்போதுதான், பார்த்ததாக நினைத்ததில் பாதியைப் பார்க்கவில்லை என்பது தெரியவரும்.

பூச்சியை இனம் பிரிப்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. உடல் இளஞ்சிவப்பாகவும் நுனி கொத்தாகத் திரண்டும் இருந்தால் அது மரவள்ளி மாவுப்பூச்சி. நசுக்கினால் மஞ்சள் நீர் வந்து, இலைப்பரப்பு முழுவதும் வெள்ளையாக அப்பி, கீழிலைகளில் கரும்பூசணம் படர்ந்திருந்தால் அது பப்பாளி மாவுப்பூச்சியாக இருக்கலாம். எறும்புச் சாரை தண்டில் ஏறுவதைக் கண்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் தேன்போன்ற நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கின்றன, குளவிகளையும் பொறிவண்டுகளையும் விரட்டுகின்றன.

இனி, எல்லாப் புதியவர்களும் ஏமாறும் இடம். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே அதைப் போலவே வெள்ளை மெழுகு இழைகளைப் போர்த்திக்கொண்டு, ஆனால் அதைவிடப் பல மடங்கு பெரிதாக ஒன்று திரியும். என் முதல் பருவத்தில் அதுதான் தாய்ப் பூச்சி என்று முடிவு செய்து, நாற்பது, ஐம்பதைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு, நல்ல காரியம் செய்த நிறைவோடு வீடு திரும்பினேன். அவை கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழுக்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-ல் காப்பிச் செடியின் செதில் பூச்சிக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, மாவுப்பூச்சிகளைத் தின்று வாழும் இனம் அது. வேறுபாடு எளிது: குச்சியால் தொட்டால் மாவுப்பூச்சி இருந்த இடத்திலேயே கிடக்கும் அல்லது மெல்ல நகரும், பொறிவண்டுப் புழு விறுவிறுவென்று ஓடும்.

குளவி இருக்கிறதா என்பதைக் கண்ணாடிப் புட்டி ஒன்றால் சோதிக்கலாம். மாவுப்பூச்சி உள்ள நுனியை வெட்டிப் புட்டியில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, நிழலில் இரண்டு, மூன்று வாரங்கள் வையுங்கள். சில பூச்சிகள் உப்பிப் பழுப்பேறிக் கெட்டிப்படும். அவற்றின் முதுகில் வட்டமான துளையிட்டு, இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான குளவிகள் வெளிவந்து துணியின் அடிப்புறத்தில் நடக்கும். பார்த்த பிறகு அவற்றை வயலிலேயே விட்டுவிடுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தப் புட்டியை அவர்கள் பொறுப்பில் கொடுப்பது என் வழக்கம், அவர்கள் மறப்பதில்லை.

மூன்றாம் படி: முடிவெடுத்தல்

பூச்சி இருப்பதும் பூச்சியால் இழப்பு ஏற்படுவதும் ஒன்றன்று. தடுக்காவிட்டால் ஏற்படும் இழப்பு, தடுப்பதற்கு ஆகும் செலவைத் தாண்டும் நிலையை நெருங்கும்போதுதான் செயல்பட வேண்டும் என்ற கருத்தை 1959-ல் கலிபோர்னியப் பூச்சியியலாளர்கள் நால்வர் தெளிவாக வரையறுத்தார்கள். நம் பரிந்துரைக் கையேடுகளில் பொருளாதாரச் சேத நிலை என்று அச்சிடப்படுவது அதன் வழிவந்ததே. உங்கள் நோட்டில் தொடர்ந்து மூன்று வார எண்ணிக்கை இருந்தால், பெருகுகிறதா, குறைகிறதா என்பது தெரிந்துவிடும். ஒரே ஒரு நாள் பார்த்த எண்ணிக்கை எதையும் சொல்லாது.

இருபதில் ஒன்றிரண்டு செடிகளில் மட்டும் தாக்குதல் இருந்தால், நுனியைக் கிள்ளி மூடிய பையில் எடுத்துச் சென்று எரித்துவிடலாம். கிள்ளியதை வரப்பில் போடுவது பூச்சியைப் பக்கத்து வயலுக்கு அனுப்பிவைப்பதாகும். மோட்டார் வசதி உள்ளவர்கள் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இளம்பூச்சிகளை உதிர்க்கலாம். ஒரு நல்ல கோடை மழையும் இதையே செய்கிறது, ஆதலால் மழை வரும் அறிகுறி இருக்கும்போது பணத்தைச் செலவிடுவது வீண். பழுப்பேறிய, துளையிட்ட பூச்சிகள் கூட்டம்தோறும் தென்பட்டால் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு வாரம் காத்திருங்கள். பொறுத்திருப்பதுதான் இந்த முறையிலேயே கடினமான வேலை. அக்கம்பக்கத்தார் கேலியும் சேர்ந்துகொள்ளும். குளவி அறவே தென்படவில்லை என்றால் ஏத்தாப்பூர் நிலையத்தில் கேட்டு, கிடைத்தால் வாங்கி விடலாம். விட்ட பிறகு நச்சு மருந்து தெளிப்பது, விட்டதை நாமே கொல்வதாகும்.

இவற்றுக்குப் பிறகும் பெருகினால் வேப்பங்கொட்டைச் சாறு. ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி நூறு லிட்டராக்கி, இலையில் ஒட்டுவதற்காக 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தால் ஐந்து சதவீதக் கரைசல் கிடைக்கும். வெயில் பட்டால் அதன் வீரியம் விரைவில் குறையும், எனவே மாலையில் தெளிக்க வேண்டும். கலக்கியதை மறுநாளைக்கு வைக்கக் கூடாது.

நான்காம் படி: கடையில்

இனி நச்சு மருந்து தேவைதான் என்ற முடிவு வந்துவிட்டது என்று கொள்வோம். பூச்சியின் பெயரைத் தெரிந்துகொண்டு போங்கள். இலையைக் காட்டிக் கடைக்காரரை முடிவெடுக்கச் சொல்லாதீர்கள். நஞ்சை மருந்து என்று அழைத்துப் பழகிய நம் மொழிக்கும் இதில் சிறு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன், ஏனெனில் மருந்து என்றால் கூட இரண்டு சொட்டு விட்டால் சீக்கிரம் குணமாகும் என்ற நம்பிக்கை தானாக வந்துவிடுகிறது.

புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சிட்டையில் (லேபிளில்) சாய்சதுர வடிவில் இரண்டு முக்கோணங்கள் இருக்கும். கீழ் முக்கோணம் சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், கடைசியில் பச்சை. இந்த நிறம் மனிதருக்கு உள்ள உடனடி நச்சுத்தன்மையைக் குறிப்பது. தேனீக்கோ மீனுக்கோ குளவிக்கோ தீங்கில்லை என்று அது சொல்லவில்லை. புதியவர்கள் சிவப்பையும் மஞ்சளையும் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. அடுத்து, உங்கள் பயிரின் பெயரும் பூச்சியின் பெயரும் சிட்டையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவான மருந்தில் பதிவு எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, முறிமருந்து பற்றிய குறிப்பு எல்லாம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். பதிவு எண் இல்லாத ‘டானிக்’ புட்டிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எண்டோசல்பான் போல 2011-ல் உச்ச நீதிமன்றத்தால் தடை செய்யப்பட்ட சரக்கு பழைய இருப்பு என்ற பெயரில் வந்தால் மறுத்துவிடுங்கள். தொகுதி எண் குறித்த ரசீது வாங்குங்கள். அந்தத் துண்டுச் சீட்டு இல்லாமல் பின்னால் முறையிட இடமிருக்காது. சந்தேகம் இருந்தால் பணம் கொடுக்கும் முன்பே 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மையத்தில் தமிழிலேயே கேட்கலாம்.

ஐந்தாம் படி: அளந்து கலத்தல்

பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன. டேங்குக்கு ஒரு மூடி, இரண்டு மூடி என்ற அளவு, மூடிக்கு மூடி மாறும். முதலில் வெறும் தண்ணீரை நிரப்பி, வழக்கமான நடையில் ஐந்து சென்ட் நிலத்துக்குத் தெளித்துப் பார்த்து, எத்தனை லிட்டர் செலவானது என்று அளந்துகொள்ளுங்கள். பத்து லிட்டர் ஆனது என்றால், நூறு சென்ட் கொண்ட ஏக்கருக்கு இருநூறு லிட்டர். பதினாறு லிட்டர் தெளிப்பானில் அது பன்னிரண்டரை டேங்க். ஏக்கருக்கு நூறு கிராம் என்று சிட்டையில் இருப்பதாக வைத்துக்கொண்டால் டேங்குக்கு எட்டுக் கிராம் வருகிறது. ஹெக்டேர் கணக்கில் அச்சிட்டிருந்தால் முதலில் இரண்டரையால் வகுத்துவிட வேண்டும். இதற்கென்று தனியாக ஓர் அளவுக் குவளையும் சிறு தராசும் வாங்கி, அவற்றை மருந்தோடு பூட்டியே வையுங்கள். சமையலறைக் கரண்டி ஒருபோதும் வயலுக்கு வரக் கூடாது.

இரண்டு, மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலக்காதீர்கள். எது பயன் தந்தது, எது செடியைக் கருக்கியது என்று பிறகு தெரியாது, நச்சும் கூடும்.

ஆறாம் படி: தெளிக்கும் காலை

செறிவூட்டிய மருந்தைக் கலக்கும் நேரமே மிகவும் ஆபத்தானது, ஏனெனில் கையில் சிந்துவது நீர்த்த கரைசலன்று, முழு நஞ்சு. நம் ஊரில் கலக்கித் தரும் வேலையையும் தண்ணீர் சுமக்கும் வேலையையும் பெண்களிடம் விட்டுவிட்டு, தெளிப்பவருக்கு மட்டும் பாதுகாப்பு தேடும் பழக்கம் இருக்கிறது. கையுறை கலக்குபவருக்குத்தான் முதலில் வேண்டும். கருவுற்ற பெண்களும் பாலூட்டுபவர்களும் பிள்ளைகளும் வயல் பக்கமே வரக் கூடாது.

நஞ்சு உடலுக்குள் போவது பெரும்பாலும் மூக்கு வழியாக என்று எண்ணி முகத்தில் துண்டு கட்டிக்கொள்கிறார்கள். வயல் வேலையில் அது மிகுதியாக உள்ளே போவது தோல் வழியாகத்தான், நனைந்த துண்டோ நஞ்சை முகத்தோடு அழுத்தி வைத்திருக்கும். முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, ரப்பர் காலணி, வேதிப்பொருளைத் தாங்கும் கையுறை, கண்ணாடி, சிட்டையில் சொல்லியுள்ள முகமூடி ஆகியவை வேண்டும். லுங்கியை மடித்துக் கட்டி வெறுங்காலோடு தெளிப்பவர் தன்மேலும் சேர்த்தே தெளித்துக்கொள்கிறார். சித்திரை வெயிலில் இத்தனையையும் அணிந்து வேலை செய்ய முடியாது என்பது உண்மை. அதனால்தான் ஒன்பது மணிக்குள் முடியும் அளவுக்கு மட்டும் வேலையை வைத்துக்கொள்ள வேண்டும், மீதியை மறுநாள் பார்க்கலாம்.

காற்று முதுகுப் பக்கமிருந்து வீசுமாறு நின்று தெளியுங்கள். நுனித்துளை அடைத்துக்கொண்டால் வாயால் ஊதாமல், தண்ணீரில் கழுவிப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். வேலை முடிந்து குளிக்கும்வரை பீடி, வெற்றிலை, தண்ணீர் எதுவும் வாய்க்குப் போகக் கூடாது. ஐந்தாம், ஆறாம் மாதத்தில் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்ட குச்சிக்கிழங்கில் தலைக்கு மேல் பீய்ச்சுவது மருந்தை முகத்தில் ஊற்றிக்கொள்வதற்குச் சமம். அந்த வயதுப் பயிரில் நச்சு மருந்தே வேண்டாம் என்பேன். தெளித்த வயலில் சிவப்புத் துணி கட்டி, ஆடு மேய்ப்பவர்களுக்கும் இலை ஒடிப்பவர்களுக்கும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஊடுபயிரைப் பறித்து உழவர் சந்தைக்குக் கொண்டுபோவதாக இருந்தால், கடைசித் தெளிப்புக்கும் பறிப்புக்கும் இடையே சிட்டை குறிப்பிடும் காத்திருப்பு நாட்கள் கழிய வேண்டும்.

காலிப் புட்டியை மூன்று முறை அலசி, அலசிய நீரை டேங்கிலேயே ஊற்றித் தெளித்துவிட்டு, மண்ணெண்ணெய்க்கோ தண்ணீருக்கோ யாரும் எடுத்துக்கொள்ளாதபடி புட்டியில் ஓட்டை போடுங்கள். தெளிப்பானை வசிஷ்ட நதியிலோ கிணற்று மேட்டிலோ வாய்க்காலிலோ கழுவக் கூடாது. உடுத்திய துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

உடல் காட்டும் அறிகுறிகள்

மிகுந்த வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், குமட்டல், கண் பாவை சுருங்கிப் பார்வை மங்குதல், தசை துடித்தல், மூச்சுத் திணறல் ஆகியவை கரிம பாஸ்பரஸ் மருந்துகளின் நச்சுக்கு உரியவை. வெயில் மயக்கம் என்று எண்ணி மர நிழலில் படுக்கவைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரால் கழுவி, கண்ணில் பட்டிருந்தால் கால் மணி நேரம் தண்ணீர் ஊற்றி, உடனே 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்கவைப்பதும் உப்புக் கரைசலோ பாலோ புகட்டுவதும் தீங்கு செய்யும். புட்டியின் சிட்டையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். இன்ன மருந்து என்று தெரிந்தால்தான் அட்ரோபின் போன்ற முறிமருந்தைத் தாமதமின்றித் தீர்மானிக்க மருத்துவருக்கு முடியும்.

அறுவடை நாள்

தெளித்த ஏழாம் நாள் மீண்டும் அதே இருபது செடிகளை எண்ணி நோட்டில் எழுதுங்கள். நன்மை செய்யும் பூச்சிகளின் எண்ணிக்கையையும் விடாதீர்கள். கிழங்கு பிடுங்கும் நாளில் எடை போடும் அவசரத்தில் குச்சிகள் கவனிப்பாரின்றிக் குவிந்துவிடும். அடையாளம் வைத்த நல்ல செடிகளின் குச்சியை மட்டும் தனியே எடுத்து, நிழலில் செங்குத்தாக நிறுத்தி, வாரம் ஒரு முறை கணுவோரங்களில் வெள்ளை தெரிகிறதா என்று பாருங்கள். மாவுப்பூச்சி இருந்த குச்சிகளை, விலைக்குக் கேட்டு ஆள் வந்து நின்றாலும், கொடுக்காமல் அங்கேயே எரித்துவிடுங்கள்.